அமெரிக்காவுல கடை விரிக்கறப்போ செய்யக்கூடாத தப்புகள்: டெஸ்கோ வாங்குன அடி

வெளிநாட்டு பிராண்ட் ஒண்ணு அமெரிக்காவுல தோத்துட்டா "மார்க்கெட் ரிசர்ச் பண்ணாம போயிட்டாங்க"ன்னு சுலபமா சொல்லிடறாங்க. டெஸ்கோ விஷயத்துல அது செல்லாது. பிரிட்டன்ல நம்பர் ஒன் சூப்பர்மார்க்கெட் அது, ஃபிரெஷ் அண்ட் ஈஸிங்கற பேர்ல 2007 நவம்பர்ல கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா பக்கம் இறங்கறதுக்கு முன்னாடியே அமெரிக்க குடும்பங்களோட ஆள தங்க வெச்சு ஃபிரிட்ஜுல என்ன இருக்குங்கற வரைக்கும் பாத்துட்டு வந்தாங்க, ஒரு குடோனுக்குள்ள மாதிரி கடையே கட்டி டெஸ்ட் பண்ணாங்க. அவ்ளோ பண்ணியும் 2013ல கிளம்பறதா அறிவிச்சப்போ நஷ்டம்னு கணக்குல எழுதித் தள்ளுன தொகை சுமார் 120 கோடி பவுண்ட்.

ரிசர்ச் பண்ணவங்க கடைக்குள்ள வெச்சது என்னமோ லண்டன் பழக்கத்தத்தான். தக்காளி, ஆப்பிள் எல்லாம் பிளாஸ்டிக் சுத்தி பாக்கெட்டா இருக்கும், ஒவ்வொண்ணா கையில எடுத்து அமுக்கிப் பாத்து வாங்கற அமெரிக்கக்காரங்களுக்கு அது ஒட்டவே இல்ல. பில் போட கவுண்ட்டர்ல ஆள் கிடையாது, எல்லாமே செல்ஃப் செக்அவுட். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கூப்பன் வெட்டி வெச்சுட்டு கடைக்குப் போற ஊருல ஆரம்பத்துல கூப்பனும் கிடையாது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்றப்போ ஒரு ரெடிமேட் சாப்பாடு எடுத்துட்டுப் போறது பிரிட்டன்ல சகஜம், அமெரிக்காவுல கார் டிக்கி நிறைய ஒரு வாரத்து சாமான அள்ளிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி.

இதெல்லாம் போகப் போக திருத்திக்கலாம், கொஞ்சம் திருத்தவும் செஞ்சாங்க. திருத்த முடியாத தப்பு எதுன்னா, என்னப் பொறுத்தவரைக்கும், முதல் பத்து கடை ஓடுதான்னு பாக்கறதுக்கு முன்னாடியே கலிஃபோர்னியா ரிவர்சைடுல பெரிய குடோனும், ரெடிமேட் சாப்பாடு செய்யற கிச்சனும் கட்டுனதுதான். நூத்துக்கணக்கான கடை இருந்தாதான் அதுக்கு செலவு கட்டும், அதனால கடைய மளமளன்னு திறந்தே ஆகணும்னு ஆயிடுச்சு. திறந்த இடமும் லாஸ் வேகாஸ், ஃபீனிக்ஸ், ரிவர்சைடு பக்கம், வீட்டுக் கடன் நெருக்கடி நாட்டுலயே மோசமா அடிச்ச ஏரியாங்க அதெல்லாம். கொஞ்சமா திறந்திருந்தா தாக்குப் பிடிச்சிருக்கலாம்.

இதுக்கு நேர்மாறா, ஜெர்மனி சூப்பர்மார்க்கெட் ஆல்டி 1976ல அமெரிக்காவோட ஐயோவா மாநிலத்துல ஆரம்பிச்சு பல வருஷம் சத்தமே இல்லாம வளந்துச்சு, இன்னிக்கு 2,000 கடைக்கு மேல.

கார்லயும் இதே கதைதான். டொயோட்டா கொண்டுவந்த டொயோபெட் கிரவுன், ஜப்பான் ரோட்டுல நல்லா உழைச்ச வண்டி, கலிஃபோர்னியா ஃப்ரீவேல வேகம் எடுக்க முடியாம திணறுச்சு, 1958ல மொத்தமே வித்தது 287 வண்டி. அதையே தள்ளுபடி குடுத்து தள்ளிட்டு இருக்காம கார் விக்கறத நிறுத்திட்டு லேண்ட் க்ரூஸர்ங்கற ஜீப் மாதிரி வண்டிய மட்டும் வித்துட்டு இருந்தாங்க. 1965ல அந்த ரோட்டுக்கு ஏத்த மாதிரி பவரான என்ஜின் போட்டு கொரோனாங்கற கார எறக்குனதுக்கு அப்புறம்தான் டொயோட்டா அங்க நிஜமாவே ஓட ஆரம்பிச்சுது.