எத்தியோப்பியாவுக்குப் பாடம் நடத்த வரும் குடும்பங்களுக்கு

எத்தியோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வேலை உத்தரவு வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது மளிகைப் பட்டியல் போடுவதுதான். சாம்பார் பொடி எத்தனை கிலோ, புளி எத்தனை கிலோ, அரிசி அங்கே கிடைக்குமா என்று ஆளாளுக்கு ஒரு கவலை. இங்கே வந்து ஒரு மாதம் ஆனதும் தெரியும், சாப்பாடு பெரிய பிரச்சினையே இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் பாதியில் மூட்டை கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: பிள்ளைகளின் படிப்பு, சம்பளத்தை ஊருக்கு அனுப்புவது, வீட்டில் இருப்பவரின் தனிமை. இந்த மூன்றையும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

முதலில் எந்த ஊர் என்று பாருங்கள். "ஆப்பிரிக்காதானே, வெயில் கொளுத்தும்" என்று பருத்திச் சட்டைகளோடு தலைநகர் அடிஸ் அபாபாவில் வந்து இறங்கியவர்கள் உண்டு. அந்த நகரம் சுமார் 2,350 மீட்டர் உயரத்தில், ஊட்டிக்கு இணையாக இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. முதல் வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம். கோண்டர், மெக்கெல்லே போன்ற ஊர்களும் 2,000 மீட்டருக்கு மேலேதான். பாஹிர் தார், ஜிம்மா, ஹவாசா, அடாமா நடுத்தரம். அர்பா மிஞ்ச், டிரே டாவா தாழ்வான ஊர்கள், அங்கே நம் ஊர் வெயில் உண்டு. உயரம் குறையக் குறைய மலேரியாவும் சேர்ந்து வரும். சிறு குழந்தை இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிலவரம். வடக்கே திக்ராய் பகுதியில் 2020 நவம்பரில் தொடங்கிய போர் 2022 நவம்பர் ஒப்பந்தத்தோடு நின்றது. அம்ஹாரா பகுதியில் 2023 ஆகஸ்ட் முதல் வேறு சண்டை. இதற்காக நாடு முழுவதும் ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் "எத்தியோப்பியா பாதுகாப்பானதா?" என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்த ஊரிலேயே இப்போது வேலை செய்யும் இந்திய ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். பேருந்து ஓடுகிறதா, இணையம் இருக்கிறதா, இரவில் வெளியே போக முடிகிறதா என்ற மூன்று கேள்வி போதும்.

பணம். சம்பளத்தில் எவ்வளவு டாலர், எவ்வளவு பிர் (எத்தியோப்பிய நாணயம்) என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. டாலராகக் கணக்கிட்டுப் பிர்ராகக் கொடுப்பது வேறு, டாலராகவே கொடுப்பது வேறு. 2024 ஜூலை இறுதியில் அரசு பிர்ரின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 57 பிர் அளவில் இருந்தது, சில வாரங்களிலேயே நூறைத் தாண்டிவிட்டது. பிர்ரில் மட்டும் சம்பளம் வாங்கி, ஊரில் ரூபாயில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஊரில் மாதத் தவணை இருந்தால், டாலர் பங்கு அதற்குப் போதுமா என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். கறுப்புச் சந்தையில் நல்ல விலை என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். மாட்டினால் வேலையோடு போகாது.

சான்றிதழ்களில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், டெல்லியில் உள்ள எத்தியோப்பியத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நேரம் பிடிக்கும். கல்யாணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றையும் அதே தடவையில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் குடும்பத்துக்குக் குடியிருப்பு அட்டை வாங்கும்போது தவிப்பீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். விடுமுறைக்கு இந்தியா திரும்பும்போது அது இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும்.

கடிகாரமும் காலண்டரும்

இங்கே ஒரு நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி. நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் இதே ஏற்பாடுதான், நாம்தான் மறந்துவிட்டோம். கணக்குப் போடவே வேண்டாம், கைக்கடிகாரத்தில் சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்தால் அதுதான் உள்ளூர் நேரம். எட்டு மணி என்றால் எதிரே இரண்டு.

கேட்க எளிது. ஆனால் துறைத் தலைவர் "மூன்று மணிக்குக் கூட்டம்" என்று சொன்னால் அது காலை ஒன்பதா, மதியம் மூன்றா? வெளிநாட்டவரிடம் பேசும்போது சிலர் தாங்களே மாற்றிச் சொல்வார்கள், சிலர் மாற்ற மாட்டார்கள். "பெ ஹபெஷா?" என்று கேளுங்கள், எத்தியோப்பிய நேரமா என்று பொருள். "பெ ஃபெரெஞ்ச்" என்றால் வெளிநாட்டு நேரம். வகுப்பு அட்டவணை, பேருந்துச் சீட்டு, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை நேரம், எல்லாவற்றிலும் கேட்பதில் வெட்கம் வேண்டாம். விமானச் சீட்டில் மட்டும் வெளிநாட்டு முறை நேரம்.

காலண்டரில் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதத்துக்கு முப்பது முப்பது நாள், கடைசியில் பாகுமே என்ற குட்டி மாதத்துக்கு ஐந்து நாள், லீப் ஆண்டில் ஆறு. புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று, சில ஆண்டுகளில் 12. ஆண்டு எண் நம்மைவிட ஏழோ எட்டோ குறைவு. உலகம் 2000-ஐக் கொண்டாடி முடித்துவிட்ட பிறகு இவர்கள் 2007 செப்டம்பரில்தான் கொண்டாடினார்கள். வீட்டு ஒப்பந்தத்திலும் ரசீதிலும் இந்தத் தேதிதான் இருக்கும், கையெழுத்துப் போடும்போதே பக்கத்தில் நம் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதனால் டிசம்பர் 25 அன்று வகுப்பு உண்டு, லீவு என்று நினைத்து ஊர் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

வீடு

வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வளாகத்திலோ பக்கத்திலோ குடியிருப்பு தருவார்கள், அல்லது வாடகைப் படி தருவார்கள். தாங்களே தேட வேண்டியவர்களுக்குத் தெலாலா, அதாவது தரகர், வந்து நிற்பார். முகத்தைப் பார்த்ததுமே வாடகை கூடிவிடும் என்பதால், உள்ளூர் சக ஆசிரியர் ஒருவரை முன்னே அனுப்பி விலை பேசுவது நல்லது. வீட்டில் பார்க்க வேண்டியது டைல்ஸும் பால்கனியும் அல்ல, தண்ணீர்த் தொட்டி. இங்கே அதை ரோட்டோ என்பார்கள். குழாயில் வாரத்தில் சில நாள்தான் தண்ணீர் வரும் ஊர்கள் உண்டு. குடிக்கக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்தான். பச்சைக் காய்கறி சாலட்டை வெளியே சாப்பிடாதீர்கள், வயிற்றில் அமீபா பிடிக்காத வெளிநாட்டவர் குறைவு.

மின்சாரம் 220 வோல்ட். ஆனால் சுவரில் இரண்டு உருண்டைத் துளைதான் இருக்கும், நம் மூன்று முனைப் பிளக் நுழையாது. நாலைந்து அடாப்டர் வாங்கி வாருங்கள். சமையல் பெரும்பாலும் மின் அடுப்பில், அந்த மின்சாரமும் அடிக்கடி போகும். கையில் ஒரு பவர் பேங்க், ஒரு சார்ஜ் விளக்கு இருக்கட்டும்.

ஊருக்குள் போக ஆட்டோ உண்டு, பெயர் பஜாஜ். கம்பெனிப் பெயரே வண்டிப் பெயராகிவிட்டது. கைபேசியில் டெலிபிர் என்ற பணச் செயலியைப் போட்டுக்கொண்டால் கடைக்கும் மின்கட்டணத்துக்கும் அதிலேயே கட்டலாம்.

அடுப்படி

கொண்டுவர வேண்டியது பிரஷர் குக்கர், கூடுதல் கேஸ்கட்டோடு. அடிஸ் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு எத்தனை நேரம் கிடந்தாலும் மசியாது. அப்புறம் உளுந்து, புளி, பெருங்காயம், கடுகு, காய்ந்த கறிவேப்பிலை. அவ்வளவுதான். மற்றவற்றுக்குப் பெட்டியில் இடம் ஒதுக்காதீர்கள். மசூர் பருப்பு இங்கே மிசிர், கொண்டைக்கடலை ஷிம்ப்ரா, உடைத்த பட்டாணி கிக், மஞ்சள் தூள் இர்த், வெந்தயம் அபிஷ், கொத்தமல்லி விதை திம்பிலால், இஞ்சி ஜிஞ்சிபில். தயிர் எர்கோ. அர்பா மிஞ்ச், கொன்சோ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே வீட்டுக்கு வீடு முருங்கை. இனம் கொஞ்சம் வேறு, பெயர் ஷிஃபெராவ், ஆனால் கீரை நம் கீரைதான்.

இஞ்செரா பற்றிப் பயப்பட வேண்டாம். டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து ஒரு பக்கம் மட்டும் வேக விடுவது. புளித்த மாவில் பெரிதாக ஊற்றிய ஆப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் மறுக்காதீர்கள், அது குர்ஷா, அன்பின் அடையாளம்.

சைவக்காரர்களுக்கு இந்த நாடு ஒரு வரம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம். கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் இதே விரதம். ஓட்டலில் "யெ ஸோம் பெயாய்நெத்து" என்றால் பருப்பும் கீரையும் முட்டைக்கோஸும் சுற்றி வைத்த ஒரு தட்டு வரும். இரண்டு எச்சரிக்கை. மற்ற நாட்களில் சிரோ என்ற கடலை மாவுக் குழம்பில் நெய் இருக்கலாம், பொஸெனா சிரோ என்றால் கறியே இருக்கும். சில ஓட்டல்களில் மீனை விரத உணவில் சேர்த்துவிடுவார்கள், "அசா" என்ற சொல் காதில் விழுந்தால் உஷார்.

பிள்ளைகள்

இதில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிள்ளை எட்டாம் வகுப்புக்கு மேல் இருந்து, உங்களுக்குக் கிடைத்திருப்பது வெளியூர்ப் பல்கலைக்கழகம் என்றால், குடும்பமாக வருவதை மறுபடி யோசியுங்கள். இந்தியப் பள்ளியும் சர்வதேசப் பள்ளிகளும் தலைநகரில்தான். சர்வதேசப் பள்ளிக் கட்டணம் ஒரு விரிவுரையாளர் சம்பளத்துக்கு எட்டாது. ஒருவர் வெளியூரில், மற்றவர் பிள்ளைகளோடு அடிஸில் என்று இரண்டு குடித்தனம் நடத்துபவர்களும் உண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டு வந்தவர்களும் உண்டு. இரண்டுமே லேசான முடிவு இல்லை.

சின்னப் பிள்ளைகள் என்றால் கவலை குறைவு. ஊரில் இருக்கும் தனியார் பள்ளியில் ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியும் இருக்கும். ஜிம்மா, அடாமா இரண்டும் ஒரோமியா மாநிலத்தில் இருப்பதால் அங்கே அஃபான் ஒரோமோ மொழி, அதை ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். நாட்டில் பரவலாகப் பேசப்படும் அம்ஹாரிக் மொழியின் எழுத்தோ நம் உயிர்மெய் வரிசை மாதிரியே: லெ, லு, லி, லா, லே, ல், லோ என்று ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம். தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. நம் ஜூன் கணக்கோடு ஒத்துவராது என்பதால், திரும்பிப் போகும்போது எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற சிக்கல் வரும். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் ஆங்கிலத்தில், நம் காலண்டர் தேதியோடு வாங்கி வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்

சார்ந்து வரும் கணவனோ மனைவியோ தனி வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. ஊரில் தானும் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே சுவரைப் பார்த்து உட்காருவது எவருக்கும் கொடுமை. இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு விமானம் ஏறும் தம்பதிகள்தான் அதிகம். அவருடைய படிப்புக்கேற்ற வேலையும் இருக்குமா என்று பல்கலைக்கழகத்திடம் வருவதற்கு முன்பே கேளுங்கள், சில இடங்களில் கிடைத்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி காப்பிக்குக் கூப்பிட்டால் போங்கள். கண்ணெதிரே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். கூடவே சோளப்பொரி. அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று, முதல் கோப்பையோடு எழுந்து வந்தால் மனசு கோணும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். கடை விலை, நல்ல மருத்துவர், வேலைக்கு ஆள் எல்லாம் அங்கேதான் தெரியவரும். "எஷி" என்றால் சரி, "சிந்த் நெவ்" என்றால் எவ்வளவு. முதல் மாதத்துக்கு இந்த இரண்டு சொல் போதும்.

வகுப்பில்

பேரரசர் ஹைலே செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த இந்தியரைப் பற்றிப் பாசத்தோடு சொல்வார்கள். அந்த மரியாதை உங்களுக்கும் சேரும். மாணவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், கேள்வி கேட்கத் தயங்குவார்கள். நம் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கரும்பலகையில் நிறைய எழுதினால் பிழைத்தோம். இப்போது பட்டப்படிப்பு முடிக்க நாடு தழுவிய வெளியேறும் தேர்வு உண்டு, பாடத்திட்டத்தை அதற்கேற்ப முடிக்கச் சொல்வார்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கு நிம்மதி. இவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருக்கும், அந்த வரிசையிலேயே நிரப்புங்கள். மற்ற நாடுகளில் நம் இனிஷியலைப் பார்த்து முழிப்பது போல யாரும் முழிக்க மாட்டார்கள். உங்களை அழைப்பதும் முதல் பெயரில்தான், "டாக்டர் முருகன்" என்று.

ஆண்டு விடுமுறைக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே குடியிருப்பு அட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்கத் துறையின் கடிதம், பிறகு பணியாளர் அலுவலகத்தின் கடிதம், பிறகு அடிஸ் குடிவரவு அலுவலகம் என்று அலைச்சல் உண்டு. உங்கள் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைச் சமர்ப்பிக்காமல் முதல் கடிதமே வராது. காலாவதியான அட்டையோடு விமான நிலையம் போனால் அபராதத்தை டாலரில் கட்ட வேண்டும், குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை மடங்கு.