அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங்: வெல்டு நிற்கும், பக்கத்தில்தான் ஒடியும்

பாளையங்கோட்டையில் பெயின்ட் அடிக்கிற அண்ணாச்சி ஒருவர், ஒடிந்த அலுமினிய ஏணியோடு பட்டறைக்கு வந்து "தம்பி, நீ வச்ச வெல்டு விட்டுப்போச்சுல்லா" என்றார். பார்த்தால் வெல்டு அப்படியே இருக்கிறது, அதிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் ஒடிந்திருக்கிறது. தப்பு என்னுடையதுதான், ஆனால் அவர் நினைத்த தப்பு இல்லை.

6061-டி6 என்ற அலுமினியக் கலவை ரகத்தின் இழுவிசை வலிமை (இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் அளவு) சுமார் 310 மெகாபாஸ்கல். வெல்டிங் அடித்தபின் அந்த இடத்தில் 165தான் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும், அதாவது ஏறக்குறைய பாதி. இந்த உலோகத்தை 530 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, அப்புறம் 170 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக வைத்திருந்துதான் அந்த வலிமையைக் கொண்டுவந்திருப்பார்கள். உள்ளே மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து நுண்துகள்களாக நிற்கும். நம் சூடு பட்டதும் அந்தத் துகள்கள் பருத்துவிடும் (இட்லி மாவு பதம் தாண்டிப் புளிக்கிற மாதிரி). வெல்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலம் வரை மெலிவு, அதாவது வலிமை குறைவு, என்றே வையுங்கள்.

அதனால் முதலில் ரகத்தைக் கேளுங்கள். ஜன்னல் செக்‌ஷன் பெரும்பாலும் 6063, அது வெல்டிங்குக்குப் பின் இன்னும் மோசம். 5083 தகடு வேறு ஜாதி, முழுக்க மென்மையானாலும் 270 மெகாபாஸ்கலுக்குக் குறையாது, படகு கட்டுகிறவர்கள் அதைத் தேடுவது சும்மா இல்லை.

அலுமினியம் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்று ஆம்பியரைக் குறைத்து, மெதுவாக உருட்டி உருட்டி அடிப்பவர்கள் நம் பக்கம் நிறைய. நேர்மாறாகச் செய்யுங்கள், ஆம்பியரைக் கூட்டி விறுவிறுவென்று நகருங்கள். முன்சூடு 120 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஒரு ஓட்டம் முடிந்ததும் ஆறவிடுங்கள். ஒரே இடத்தில் மூன்றாவது முறை அடிக்கிறவர் ரிப்பேர் பண்ணவில்லை, கெடுக்கிறார். நீளமான ஓட்டத்துக்கு மிக் (கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும் வெல்டிங்) நல்லது, வேகமாகப் போவதால் சூடு குறைவு. 1991-இல் இங்கிலாந்தில் வந்த ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் முறையில் (சுழலும் முனையால் உரசிக் கிளறி ஒட்டுவது) உலோகம் உருகவே உருகாது, ஆனால் அதிலும் கொஞ்சம் மெலியும். நம் பட்டறைக்கு அது எட்டாத மெஷின்.

சாரல் காலத்தில் இன்னொரு தலைவலி. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் கரைந்து, உறையும்போது வெளியேற வழியில்லாமல் ஊசித் துளைகளாக நின்றுவிடும். ராடை (வெல்டில் உருக்கிச் சேர்க்கிற கம்பியை) மூடி வையுங்கள். முதலில் அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்துக் காயவிட்டு, அப்புறம்தான் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) பிரஷ். வரிசை மாறினால் பிரஷ்ஷே எண்ணெயை உள்ளே தேய்த்துவிடும். குளோரின் கலந்த கிளீனர் பக்கமே போகாதீர்கள், ஆர்க் வெளிச்சம் பட்டால் விஷவாயு. மேலே இருக்கிற ஆக்சைடு 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உலோகமோ 660-க்குள் உருகிவிடும், ஆகவே டிக் (ராடைக் கையால் ஊட்டுகிற ஆர்கான் வெல்டிங்) என்றால் அந்த ஆக்சைடை உடைக்கிற ஏசி கரன்ட்தான்.

ராடு போடாமல் 6061-ஐ உருக்கி ஒட்டினால் விரிசல் நிச்சயம். ராடுகளில் 4043 சுலபமாக ஓடும், 5356 வலிமை கூட, ஆனால் 65 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே கிடக்கிற சாமானுக்கு ஆகாது. அனோடைஸ் (மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) பண்ணப் போவதானால் 4043 கறுத்துப்போகும்.

எந்த ராடு போட்டாலும் பாரம் அதிகம் விழுகிற நடு இடத்தில் வெல்டு வைக்காதீர்கள். அண்ணாச்சி ஏணியில் நான் செய்தது அதைத்தான். மறுபடி பற்றவைக்க மாட்டேன் என்று சொல்லி, மெலிந்த பாகத்தை முழுக்க வெட்டி, பத்தடி ஏணியை ஐந்தடியாக்கிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, ஆனாலும் முனகிக்கொண்டேதான் போனார்.