சாலையில் சண்டை மூளும்போது கார்காரரும் பைக்காரரும் செய்ய வேண்டியது

யாராவது குறுக்கே வந்துவிட்டால் முதல் வேலை, வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுவது. ஆபத்தைச் சொல்ல ஒருமுறை ஹார்ன் அடிக்கலாம். அவர் தாண்டிப் போன பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் அது வசவுதான், அவருக்கும் அப்படித்தான் கேட்கும்.

நான் காரும் பைக்கும் ஓட்டுபவன். பைக்கில் போகும்போது, கார்காரர் வேண்டுமென்றே நெருக்கினார் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அவர் நம்மைக் கவனித்தே இருக்க மாட்டார். முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு முழு பைக்கையே மறைத்துவிடும். அப்புறம், எதிரே வரும் உருவம் சிறியதாக இருந்தால் இன்னும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதை நம்பித் திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு 1981-ல் வெளியிட்ட ஆய்வில், பைக்கும் வேறு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. பார்க்காதது அவர் தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் பகை இல்லை. காரில் இருப்பவர்கள் திரும்பும் முன் தலையை முன்னும் பின்னும் அசைத்து, தூண் மறைக்கும் இடத்தையும் பாருங்கள்.

பொறுப்பு யாருக்கு? முதல் தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. அதன் பிறகு துரத்தியவர், கண்ணாடியை உதைத்தவர், முன்னால் போய்ச் சட்டென்று பிரேக் அடித்தவர் யார் என்பது தனிக் கேள்வி. முதலாவதில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் இரண்டாவதற்கு நீங்கள்தான் பொறுப்பு. இதில் கார்காரருக்கே பங்கு அதிகம் என்பேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறோம். அந்த வேகத்தில் லேசாக உரசினால் காருக்கு ஒரு கீறல். பைக்காரருக்கு உயிரே போகலாம்.

தவறு உங்களுடையது என்றால் கையை உயர்த்தி மன்னிப்புக் கேளுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். எதிராளி பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ போங்கள். கார் என்றால் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். பைக் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், காருக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். வண்டி எண்ணைப் பத்திரமான இடத்தில் நின்ற பிறகு குறித்துக்கொள்ளலாம்.

கூட உட்கார்ந்திருப்பவருக்கும் வேலை உண்டு. “விடாதே, பிடி” என்று ஏற்றிவிடாமல், “சரி, விடு, போகலாம்” என்று உடனே சொல்லுங்கள்.