மூன்று வருடம் கழித்து ஆபீஸ்: மகளைப் பழக்கிய விதம்

2020 மார்ச்சில் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்த நான், மறுபடி சோழிங்கநல்லூர் ஆபீஸுக்குக் கிளம்பியது 2023 ஜூனில். பஸ், சாப்பாடு எல்லாம் எப்படியும் சமாளித்துவிடலாம். என் கவலை மகள்தான். ஊரடங்கில் பிறந்தவள், அம்மா வெளியே போய் வேலை பார்ப்பாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

முதல் ஒத்திகையில் அவள் தூங்கும்போது நழுவிப் போனேன். பெரிய தப்பு. எழுந்ததும் அழுது அழுது வாந்தியே எடுத்துவிட்டாளாம், மாமியார் சொன்னார்.

அப்புறம் இரண்டு வாரம், தினமும் காலை எட்டரைக்கு அவள் கண்ணெதிரே செருப்பு மாட்டி, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டே இறங்கினேன். முதல் நாள் தெருமுனை வரை, பத்து நிமிடம். பிறகு அரை மணி, அப்புறம் மதியம் வரை. "ஆறு மணிக்கு வருவேன்" என்றால் அவளுக்குப் புரியவில்லை. "பாட்டி விளக்கு ஏத்தும்போது வருவேன்" என்றதும் புரிந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தும் விடவேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

 

ஆபீஸ் தொடங்கிய அன்று, ஐடி கார்டை அவளே தேடி எடுத்து வந்து என் கழுத்தில் மாட்டினாள். "விளக்கு?" என்று மட்டும் கேட்டாள்.