குறைமாசக் குழந்தை பிழைக்க வீட்டார் கையில் இருப்பவை

"ஏழாம் மாசம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசம் பிறந்தால் தங்காது" என்று ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் சாயல்குடி வரை இன்னும் சொல்கிறார்கள். நேர்மாறானதுதான் உண்மை. வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரல் முதிர்கிறது, பிழைக்கும் வாய்ப்பும் ஏறுகிறது.

37 வாரம் நிறையுமுன் இடுப்புவலி விட்டுவிட்டு வந்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, தண்ணிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். விசைப்படகில் போன கணவர் கரை திரும்பட்டும் என்றும் இருக்க வேண்டாம். 18 வயது நிறைந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம். முதல் ஸ்கேன் சீட்டு கையில் இருக்கட்டும். வாரக்கணக்கு அதில்தான் சரியாக இருக்கும்.

பிரசவம் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் நடப்பது நல்லது. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 100-க்கு மேல். ஒரு கிலோ குழந்தை அந்த வழியில் குளிர்ந்துபோகும், மூச்சு விட மறக்கும். டாக்டர் நேரமிருக்கிறது என்று சொன்னால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

34 வாரத்துக்குள் வலி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி: "நுரையீரல் ஊசி போட்டாச்சா?" வயிற்றுப் பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கத் தாய்க்குப் போடும் ஊசி இது: டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. முழுப் பலனுக்கு ஒரு நாள் பிடிக்கும், ஆனாலும் முதல் ஊசி மட்டும் போட்டிருந்தால்கூட உதவும். போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் ஒன்று விட்டுப்போகும், அல்லது திரும்பப் போடுவார்கள்.

பிறந்தபின் முதல் எதிரி குளிர். இந்த வெயிலில் குளிரா என்று நினைக்காதீர்கள். தோல் மெல்லியது, அடியில் கொழுப்பில்லை. ஈரத்துணியில் கடல்காற்று பட்டாலே சூடு இறங்கும். சூட்டைக் காக்க உடல் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரிக்கும், பிறகு மூச்சு நிற்கும். இருக்க வேண்டிய சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் புறங்கையால் முதலில் வயிற்றையும், அடுத்து பாதத்தையும் தொடுங்கள். வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில் என்றால் குளிர் தொடங்கிவிட்டது. இரண்டும் சில் என்றால் ஆபத்து.

கண்ணாடிப் பெட்டிக்கு நிகரான, பல நேரம் அதைவிட மேலான சூடு தாயின் நெஞ்சில் இருக்கிறது. இந்தியா உட்பட 5 நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே கங்காரு பராமரிப்பு, அதாவது தாயின் வெறும் நெஞ்சோடு தோல் ஒட்டி அணைத்து வைப்பது, கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு கால்பங்கு குறைந்ததென்று 2021-ல் முடிவு வந்தது. நர்ஸம்மாவிடம் கேட்டே தொடங்குங்கள். தொப்பி, காலுறை, நாப்கின் தவிர துணி வேண்டாம். இரு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, பருத்திச் சேலையால் காது வரை சுற்றிக் கட்டுங்கள். குழந்தையின் மோவாய் அதன் நெஞ்சில் புதைந்தால் மூச்சு அடைபடும், இதில் கவனம் தவறக்கூடாது. தாய் சாய்ந்து உட்காரட்டும், மல்லாந்து படுக்க வேண்டாம். நாளுக்கு 8 மணி நேரமாவது. கூடினால் இன்னும் நல்லது. தாய்க்கு அலுப்பென்றால் அம்மாச்சியோ அத்தையோ அப்பாவோ வாங்கிக்கொள்ளலாம்.

சேனை தொடுவது, தேன், சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், எதுவும் வேண்டாம். முதிராத குடல் புண்ணாகி அழுகிப்போகும் நோயைத் தடுக்கத் தாய்ப்பாலைவிட நல்லது இல்லை. குழந்தை உறிஞ்ச முடியாவிட்டாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் பீச்சத் தொடங்குங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு பிதுக்கி விடுங்கள், தேய்க்கக்கூடாது. 2–3 மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. முதல் நாள் சில சொட்டுதான் வரும். அந்தச் சொட்டு போதும். பால் இல்லையென்று பவுடர் டப்பா வாங்கி வராதீர்கள்.

அடுத்தது கை. வார்டில் குழந்தையைக் கொல்லும் கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் போகிறது. மோதிரம், வளையல் கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை 40 விநாடி கழுவுங்கள். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, இன்னொரு தடவை போடுங்கள். செல்போனைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். பார்க்க வரும் சொந்தங்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தபின் பால் குடிக்காமல் துவண்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலோ உடனே திரும்ப ஆஸ்பத்திரிக்கு. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். 28 வாரத்துக்கு முன் என்றால் இன்னும் சீக்கிரம். தவறவிட்டால் பிழைத்த குழந்தைக்குப் பார்வை போகலாம். பரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்காமல் வார்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.