20 ரூபாய் பத்திரமும் இன்னும் சில தவறுகளும்

பாளையங்கோட்டை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு, கல்யாணத் தகராறோடு வருகிறவர்களின் மஞ்சப்பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளே நாலாக மடித்த 20 ரூபாய் பத்திரம் இருக்கும். மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப். "இனி எங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து, நோட்டரி முத்திரை. "அதான் அத்து விட்டாச்சே அண்ணாச்சி, இன்னும் என்ன கேஸ்?" என்பார்கள்.

அந்தப் பத்திரத்தால் கல்யாணம் முறியாது. சில சமூகங்களின் வழக்கப்படி அத்துவிடுவதை இந்து திருமணச் சட்டமே 29-ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருந்தது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அது லேசுப்பட்ட காரியமில்லை. மேலப்பாளையத்திலிருந்து வருகிற முஸ்லிம்களுக்கும் இதே கதைதான்: தனியார் அமைப்பு கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) சான்றிதழ் செல்லாது, பெண் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் நீதிமன்றம் மணத்தை ரத்து செய்தாலும் அது சட்டப்படி விவாகரத்து ஆகாது.

வினை வருவது அடுத்த வாழ்க்கையில். பத்திரத்தை நம்பி இன்னொருவருக்குக் கழுத்தை நீட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. சரி, தாலி கட்டாமல் சேர்ந்து வாழலாமே என்றால், கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் போட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமானால் ஊர் கண்ணுக்குக் கணவன் மனைவியாகக் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். முதல் கல்யாணம் முறியாதவர் இங்கேதான் வழுக்கி விழுகிறார். பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை. செல்லாத இந்துத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும், கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பா அம்மாவுக்கு வரும் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

"ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா விவாகரத்து ஆயிரும்" என்பது சுத்தப் பொய். மீட்க முடியாதபடி முறிந்த மணத்தைக் கலைக்கும் சிறப்பு அதிகாரம், அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி, உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் மனு, அப்புறம் ஆறு மாதம். அந்த ஆறு மாதக் காத்திருப்பையும் நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017-லேயே சொல்லியாகிவிட்டது.

கோர்ட் ஊழியரான அமீனா சம்மன் கொண்டுவந்தால் பின்வாசல் வழியே நழுவுவது இன்னொரு கெட்டிக்காரத்தனம். கேஸ் நிற்காது, எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நழுவினவர் தரப்பைக் கேட்காமலே, முடியும்.

ஜீவனாம்சத்தில் ஆண்கள் வழக்கமாகச் சொல்வது, "அவ பீடி சுத்தி சம்பாதிக்கால்லா". அந்தச் சொற்பக் கூலி ஜீவனாம்சத்தைத் தடுக்காது. உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். துபாய் சம்பளத்தை மறைக்கிறவர் பொய்ச் சத்தியம் செய்கிறார் என்று அர்த்தம். தொகையும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு.

பிள்ளையைக் காட்டாததால் பணம் தரமாட்டேன், பணம் தராததால் பிள்ளையைக் காட்டமாட்டேன். இந்த இழுபறியை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இரண்டும் வேறு வேறு கடமைகள். 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தாயிடம்தான் விடுவார்கள். அதற்கு மேல், பிள்ளைக்கு எது நல்லதோ அது. நீதிபதி பிள்ளையைத் தனியாக அழைத்தும் பேசுவார். அதற்காகப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு பையன் கேள்வி கேட்கும் முன்பே "அப்பாகூட போமாட்டேன்" என்று உள்ளே ஒப்பித்துவிட்டு வந்தான். வெளியே வந்ததும் நேரே போய் அப்பாவின் பைக்கில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டான்.