ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டியில் எதை வைக்கக் கூடாது

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது பெட்டியின் நிறையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது, அதில் எது காட்டு விலங்கிலிருந்து வந்தது, எது கடலிலிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அம்மம்மா தந்தது, சித்தப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று எல்லாம் உள்ளே போய்விடும். மாட்டுப்படுகிறவர்களில் எத்தனையோ பேர் கடத்தல்காரர்கள் இல்லை, இப்படி அன்பாகக் கொடுத்ததை வாங்கி வைத்த சாதாரண ஆட்கள்தான்.

முதலில் சட்டம். அழியும் ஆபத்திலுள்ள காட்டு விலங்கு, தாவரங்களை நாட்டுக்கு நாடு வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்ற பன்னாட்டு உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 1976இலும் இலங்கை 1979இலும் சேர்ந்தன. கனடா, பிரித்தானியா, சுவிஸ், நோர்வே, பிரான்ஸ், ஜெர்மனி, அவுஸ்திரேலியா என்று எங்கள் ஆட்கள் வாழும் நாடுகளும் இதில் இருக்கின்றன. முதலாம் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் வணிகமே கிடையாது. இரண்டாம் பட்டியல் என்றால் புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் வேண்டும். நான் விற்கவில்லை, பரிசாகத்தான் கொண்டுவருகிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. எல்லையைத் தாண்டினாலே இந்தச் சட்டம் பொருந்தும். இதைவிட இலங்கைக்கு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், இந்தியாவுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் தனியாக இருக்கின்றன.

கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், அப்படியென்றால் சட்டப்படி சரியாகத்தானே இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. விற்கிறவர் விமான நிலையத்துக்கு வரப்போவதில்லை.

பிள்ளைகளுக்கு மிருதங்கம் பழக்குகிற பெற்றோர் சென்னைக்குப் போனால் ஒரு கஞ்சிராவும் (ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுகிற சின்னத் தாள வாத்தியம்) வாங்கிக்கொண்டு வருவோம் என்று நினைப்பது வழக்கம். மிருதங்கத்தில் சைட்டிஸ் பிரச்சினை இல்லை, அது பலாக்கட்டையும் மாட்டுத்தோல் ஆட்டுத்தோலும்தான். ஆனால் கஞ்சிராவுக்குப் பரம்பரையாகப் போடுவது உடும்புத்தோல். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வரிசை வரிசையாகச் சின்னச் செதில் அடையாளம் தெரிந்தால் அது உடும்புதான். உடும்பு சைட்டிஸ் முதலாம் பட்டியலில் இருக்கிறது, இந்தியச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதலாம் அட்டவணையில் இருக்கிறது. ஆட்டுத்தோல் போட்ட கஞ்சிராவும் செயற்கைத்தோல் போட்டதும் இப்போது கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள், பற்றுச்சீட்டில் என்ன தோல் என்று எழுதியும் வாங்குங்கள். பழைய வீணை கொண்டுவருகிறவர்கள் அலங்கார வேலைப்பாடு தந்தமா என்று பாருங்கள். தாத்தா காலத்துச் சாமான் என்றாலும் தந்தம் தந்தம்தான், பழையது என்பதற்கே தனிச் சான்றிதழ் கேட்பார்கள்.

யானை என்றதும் இன்னொன்று. யானைமுடி மோதிரம். குழந்தை பயப்படாமல் இருக்கட்டும் என்று மாமி ஒருவர் விரலில் போட்டுவிடுவார். ஆசிய யானை முதலாம் பட்டியல், முடியும் அதன் உடலின் ஒரு பகுதி. இலங்கை அரசு 2012இல் கைப்பற்றிய ஏறக்குறைய ஒன்றரைத் தொன் தந்தத்தை 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் பொதுமக்கள் முன்னால் நசுக்கி அழித்தது. அங்கே இதை விளையாட்டாக எடுக்க மாட்டார்கள்.

மயிலிறகு பற்றிக் காவடி எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்குள் தானாக உதிர்ந்த இறகை விற்கலாம், ஆனால் மயிலிறகையும் அதில் செய்த பொருள்களையும் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. கோயிலுக்கு என்று சொன்னாலும் சட்டம் மாறாது.

அப்புறம் கருவாடு. இதைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருள் எதுவும் சொந்தப் பாவனைக்குக்கூடக் கொண்டுவர முடியாது, மீனும் கருவாடும் 20 கிலோ வரை கொண்டுவரலாம். நெத்தலி, பாரை, கட்டா எல்லாம் சரி. சுறாவில்தான் சிக்கல். பால்சுறா உட்பட அந்தக் குடும்பத்துச் சுறாக்கள் முழுவதும் 2023 நவம்பர் 25 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் வந்துவிட்டன. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை செய்து கொடுக்க என்று ஊரிலிருந்து சுறாக்கருவாடு கட்டிக்கொண்டு வருவது எங்கள் வீடுகளில் பழகிய விஷயம், ஆனால் இன்று அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதைக் கொண்டுவந்தால் பறிப்பதோடு தண்டமும் விழலாம். வேறு கருவாடு வாங்குங்கள்.

வன்னிப் பக்கம் போனால் மான், மரை, உடும்பு இறைச்சி சமைத்துத் தருகிறோம் என்று மரியாதைக்காகவே சொல்வார்கள். மூன்றும் பாதுகாக்கப்பட்டவை. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அவர்கள் மனம் நோகாது. வெளிநாட்டுக் காசு வருகிறது என்பதற்காகத்தான் சில இடங்களில் வேட்டை நடக்கிறது, அந்தக் காசு எங்களுடையதாக இருக்கக் கூடாது. நட்சத்திர ஆமையை வளர்க்கிற வீட்டில் பிள்ளைகள் அதை வைத்து விளையாடிவிட்டுக் கேட்டு அழுவார்கள். 2019 சைட்டிஸ் மாநாட்டில் அதை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தினார்கள், காரணம் செல்லப்பிராணிச் சந்தைக்காக இந்தியாவிலும் இலங்கையிலும் காட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போனதுதான்.

கடற்கரைக்கு வருவோம். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகிறவர்கள் அதிகம். அங்கே கரையில் மணலைவிட உடைந்த பவளத்துண்டுகள்தான் காலில் குத்தும், வெள்ளை வெள்ளையாக விரல் போல, கொம்பு போல. இவ்வளவு கிடக்கிறதே, ஒன்றை எடுத்தால் என்ன என்று தோன்றும். அது 2003 முதல் தேசிய பூங்கா, ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. பவளப்பாறை உயிரினங்கள் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலிலும் இருக்கின்றன. இராமேசுவரத்தில் சிப்பி, சங்கு வாங்குகிறவர்கள் வெண்சங்கோடு நில்லுங்கள், குதிரைமுகச் சங்கு, ராட்சதச் சிப்பி, காய்ந்த கடற்குதிரை எல்லாம் வேண்டாம். ஆமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல் தெரியாமல்கூட வாங்காதீர்கள், கடலாமைகள் எல்லாமே முதலாம் பட்டியல். கோடி ரூபா பெறும் என்று யாராவது வலம்புரிச் சங்கோ கஜமுத்தோ (யானைத் தந்தத்திலிருந்து எடுத்தது என்று சொல்லும் முத்து) காட்டினால் அந்த இடத்தைவிட்டே போய்விடுங்கள். இலங்கையில் இவற்றை விற்கப் போய்க் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன, வாங்க வருகிறவர் என்று தேடுவது வெளிநாட்டிலிருந்து வந்தவரைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறக்கிறவர்களும் யோசிக்க வேண்டும். இலங்கையில் அனுமதியோடு பிடிக்கவும் வளர்க்கவும் செய்கிற கடலட்டை, இந்தியாவில் 2001 முதல் தடை செய்யப்பட்ட உயிரினம். ஒரு கரையில் தொழில், மறு கரையில் குற்றம்.

செடி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர்க்கிட் எல்லாமே ஏதாவது ஒரு பட்டியலில் உண்டு. செம்மரமும் வல்லப்பட்டையும் (இலங்கையில் வளரும் அகில் வகை வாசனை மரம்) இரண்டாம் பட்டியல், அதுவும் இரண்டுமே பெரிய கடத்தல் நடக்கிற மரங்கள், ஒரு துண்டுகூட வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2019 டிசம்பர் 14 முதல் பச்சைத் தாவரம், பழம், விதை எதற்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் தவிர. கறிவேப்பிலை அந்த விலக்கில் இல்லை.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2024 மே மாதம் இலங்கையின் யால தேசிய பூங்காவில் பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளைச் சாடிகளில் அடைத்து வைத்திருந்த இத்தாலியர் இருவர் கைதானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபா.

உண்மையிலேயே ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றால் பத்தரமுல்லையில் இருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் புறப்படுவதற்கு முன்னமே விசாரியுங்கள், அனுமதி கடைசி நாளில் கிடைக்கிற விஷயமில்லை. சந்தேகமான சாமான் பெட்டியில் இருப்பது கட்டுநாயக்காவுக்குப் போகும் வழியில்தான் நினைவுக்கு வந்தது என்றால், வழியனுப்ப வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்குப் பனங்கட்டி, ஒடியல், பனையோலைப் பெட்டி என்று வைக்க எவ்வளவோ இருக்கிறது. இறங்கும் நாட்டில் அதிகாரி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மறைத்து வைத்ததாகத் தெரிந்தால் வழக்கு வேறு மாதிரிப் போகும்.